இருபத்திரெண்டாம் தேதித் தாள்

கோம்பையடியில் முதன்முதலில் காணாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. இலவம்பஞ்சு அடைக்கும் பேட்டை வைத்திருக்கும் காசிமாயன் வீட்டில்தான் அது போனது. திங்கட்கிழமை சாப்பிட்டுப் படுத்த அந்த வீட்டுச் சனம் விடிந்து எழுந்து வாசல் தெளிக்க வந்தால், தெருவில் புதன்கிழமை நடந்துகொண்டிருந்தது. பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "நேத்துப் பூராம் கதவத் தட்டுனேன், கடப்பாரையப் போட்டு நெம்பியும் பாத்தாச்சு, அசையலயே, எங்கிட்டுப் போனீங்க எல்லாரும்?" என்று கேட்க, காசிமாயன் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்தார். ஜவுளிக்கடையில் கொடுத்த தினசரிக் காலண்டரில் திங்கள் தாளுக்கு அடியில் நேராகப் புதன் தாள் இருந்தது, நடுவில் ஒரு வரிசைப் பல்தடம் மட்டும் இருந்தது, காலண்டர் தொங்கிய ஆணிக்கு மேலே ஒரு சாம்பல் நிற அணில் உட்கார்ந்து முன்னங்கால் இரண்டாலும் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது. "எடுபட்ட பயபுள்ள, ஒரு நாளையே தின்னுபுட்டியே" என்று திட்டிவிட்டு அவர் காப்பி குடிக்கப் போனார்.

அந்த அணிலை ஊருக்குள் கொண்டுவந்ததும் அவர்தான். கப்பலில் வந்த சோடி என்று எவனோ சொன்னதை நம்பி, தீபாவளிக்குப் பேத்திக்கு வேடிக்கை காட்ட வாங்கி வந்தார். நம்மூர் அணிலைப் போல இரண்டு மடங்கு, முதுகில் கோடு கிடையாது, வால் மட்டும் பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி புசுபுசுவென்று இருக்கும். மூன்றாம் நாளே கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டு பேட்டைக்குள் ஓடிய அந்தச் சோடி, தை பிறக்கும்போது நானூறாகிவிட்டது. நம்மூர்க் கோட்டணில் பழுத்ததைத்தான் தொடும். அணில் கடித்த பழம் இனிக்கும் என்று பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு தின்பது அதனால்தான். சாம்பலணில் அப்படியில்லை, அது பிஞ்சில் வாய்வைக்கிற பிறவி. கொய்யாப் பிஞ்சு, மாம்பிஞ்சு, இலவம்பிஞ்சு என்று ஊரில் இருந்த பிஞ்சையெல்லாம் தின்று முடித்துவிட்டு, பழுக்காமல் தொங்குவது இன்னும் என்ன இருக்கிறது என்று அது தேடிப் பார்த்தது. வீட்டுக்கு வீடு சுவரில் நாளையும் நாளை மறுநாளும் தொங்கிக்கொண்டிருந்தன.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. பழகாமல் என்ன செய்யும், ஊர் எதற்குத்தான் பழகவில்லை? பள்ளிக்கூடத்து வருகைப் பதிவில் 'அணில் விடுப்பு' என்று ஒரு கட்டம் போட்டார்கள். ரேஷன் கடையில், "நேத்து ஒங்க வீட்டுக்கு நாள் இல்ல, இன்னிக்கு வாங்கிக்கங்க" என்றார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை இருந்து பெண் வீட்டுக்கு இல்லாமல் போன ஒரு கல்யாணத்தில், பூட்டிய கதவுக்கு முன்னால் மேளம் வாசித்துக்கொண்டு மறுநாள்வரை உட்கார்ந்திருந்தார்கள். காலண்டரைப் பீரோவுக்குள் பூட்டிவைத்த ஒரு வீட்டில் நாள் நகரவே இல்லை, அதே வியாழக்கிழமையில் அதே கத்திரிக்காய்ப் புளிக்குழம்பை ஒன்பது தடவை சாப்பிட்டார்கள். இன்னொரு காலண்டர் வாங்கி மாட்டிப் பார்த்தார்கள், ஒரு வீட்டுக்கு ஒன்றுதான் பிடித்தது, இரண்டாவது வெறுங்காகிதமாகத் தொங்கியது. அந்த வீட்டு ஆள் எந்தச் சீமையில் இருந்தாலும் அவனுக்கும் அந்த நாள் கிடையாது என்பது, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த ஒருவன் செவ்வாய் படுத்து வியாழன் எழுந்தபோது தெரியவந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், ஆகாத நாளை அணிலுக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தான். வெல்லப்பாகை விரலில் தொட்டு, வேண்டாத தேதித் தாளில் தடவிவிட்டால் போதும். பரீட்சை நாளுக்குப் பிள்ளைகள் தடவினார்கள், மாமியார் வருகிற நாளுக்கு மருமகள்கள் தடவினார்கள். காசிமாயன் தன் நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம் என்று காலண்டரில் போட்டிருந்த நாளையெல்லாம் தேடித் தேடித் தடவினார், ஏனென்றால் அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் உயிர் போகும் என்று எந்தக் காலத்திலோ எவரோ சொல்லியிருந்தார்கள். அணிலை விரட்டுகிற கையைப் பிடித்துக்கொள்ள அதன் பிறகு தெருவுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். விழுங்கிய நாளெல்லாம் வயிற்றில் சேரச் சேர, அணிலோ வாரத்துக்கு ஓர் ஈத்து ஈன்றது.

இதையெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தவள் ஒருத்திதான், பவுன்தாய்.

பவுன்தாய் ஊராட்சியில் கொசுப்புழு ஒழிக்கிற வேலை பார்த்தாள். நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் டார்ச்சும் மருந்தும் சாக்கட்டியுமாக, நாளைக்கு ஐம்பது வீடு ஏறி இறங்கித் தொட்டியையும் குடத்தையும் எட்டிப் பார்த்து, எத்தனை இடத்தில் புழு என்று நிலைக்கதவுக்குப் பக்கத்தில் தேதி போட்டு எழுதிவிட்டு வருவாள். பதினோரு வருஷமாக எழுதுகிறாள். எந்தத் தெருவில் காய்ச்சல் தொடங்கினால் எத்தனை நாளில் எந்தத் தெருவுக்கு வரும் என்பது டாக்டருக்கு முன்னால் அவளுக்குத் தெரியும், கேட்டால், "அது நடந்து வார தூரம் எனக்குத் தெரியும் சார்" என்பாள். இந்தத் தையிலிருந்து அவள் புழுக் கணக்குக்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு எழுதினாள்: சாம்பல் இத்தனை, கோடு இத்தனை.

அவள் எழுதியதற்குக் காரணம் ஊர் இல்லை. ஊர் எக்கேடு கெட்டால் அவளுக்கென்ன? புருஷன் செத்த மூன்றாம் வருஷம், ஒரே மகள் அழகுமீனா கடல் தாண்டி வீட்டு வேலைக்குப் போனாள். இரண்டு வருஷ ஒப்பந்தம் ஆறு வருஷமாகி, பாஸ்போர்ட்டை வேலைக்கு வைத்த வீட்டுக்காரன் வாங்கிவைத்துக்கொண்டு தராமல் இழுத்தடித்து, எந்தெந்த வாசலிலோ விழுந்து எழுந்து, கடைசியில் நாட்டை விட்டு வெளியே போக ஒரு சீட்டு கிடைத்தது. ஏப்ரல் இருபத்திரெண்டு, அந்த ஒரு நாளுக்கு மட்டும் செல்லும் சீட்டு. அன்றைக்கு விமானம் ஏறினால் ஏறியது, தவறினால் திரும்ப எப்போது என்று சொல்ல ஆளில்லை. இருபத்திரெண்டாம் தேதித் தாள் பவுன்தாய் வீட்டுச் சுவரில், தொண்ணூற்றுச் சொச்சம் தாளுக்கு அடியில், பச்சைப் பிஞ்சாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் ஒரு காதணி விழா பிளக்ஸைப் பேட்டையிலிருந்து வாங்கி வந்து, பின்பக்க வெள்ளையில் ஊரை வரைந்தாள். தெருவுக்கு ஒரு கோடு, வீட்டுக்கு ஒரு கட்டம், மொத்தம் இருநூற்று நாற்பது கட்டம். சாம்பல் ஏறிய வீட்டுக்குக் கரி, கோடு மிச்சமிருந்த வீட்டுக்கு மஞ்சள். வாரா வாரம் பார்த்து, எது எப்படி நகர்கிறது என்று படித்தாள்: ஒரு தெருவுக்குள் நுழைந்தால் வாரத்துக்கு ஏழு வீடு பிடிக்கிறது, இலவ மரத்திலிருந்து கேபிள் கம்பி வழியாகத் தெரு தாண்டுகிறது, வெல்லம் தடவுகிற வீடு இருந்தால் ஏழு பத்தாகிறது, சாம்பல் வந்த பன்னிரண்டாம் நாள் அந்த வீட்டில் ஒரு கோட்டணில் இருக்காது, தின்னப் பழம் இல்லாமல் வற்றிப் போய்க் கூரையோரம் செத்துக் கிடக்கும். இத்தனையும் வைத்து அவள் முன்னுக்கு ஓட்டிப் பார்த்தாள். ஏப்ரல் பதினாறு என்று வந்தது. அவளுடைய கிணற்றடித் தெருவுக்கு அணில் வருகிற நாள் பதினாறு, மகள் வருகிற நாள் இருபத்திரெண்டு.

கோட்டணில் போனதில் ஊருக்கு இன்னொரு சங்கடமும் வந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் கதை நொண்டும். காலையில் கிழித்துப் போடும் நேற்றைய தாளைப் பொறுக்கிக்கொண்டு போய்க் கூடு கட்டுவது கோட்டணில்தான். முடிந்த நாள் வீட்டை விட்டுப் போனதும் துக்கம் ஆறியதும் அதனால்தான். அது நின்றுபோகிறவரை இது யாருக்கும் தெரியாது. இப்போது கிழித்த தாள் கிழித்த இடத்திலேயே கிடந்தது. மாசியில் புருஷனைப் பறிகொடுத்தவள் பங்குனியிலும் அன்றைக்குத்தான் எடுத்த பிணம்போல மாரில் அடித்து அழுதாள். என்றோ பட்ட அவமானத்துக்கு இன்றைக்கு அரிவாளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வருகிற நாளுக்கும் உத்தரவாதமில்லை, போன நாளும் போய்த் தொலையவில்லை.

பங்குனி நடுவில் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். பவுன்தாய் பிளக்ஸை விரித்துக் காட்டி, விரலால் தெருத் தெருவாகத் தொட்டுச் சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டாள்.

"வெல்லம் தடவுறத மட்டும் நிப்பாட்டுங்கய்யா. பயந்த நாளத் தின்ன அது ஆசப்பட்ட நாளத் தின்னாம விடுமா? ஒரு மாசம் பொறுத்துக்கங்க, எம் மக வந்து சேந்துரட்டும்."

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். கண்ணைச் சுருக்கிப் பிளக்ஸைப் பார்த்துவிட்டு, "தாயி, எங்க பள்ளிவாசல் தெருவுக்கு என்னிக்கு வருதுன்னு போட்டிருக்க? பயலுக்குப் பதினெட்டாந் தேதி கணக்குப் பரீட்ச. அதுக்குள்ள வந்துருமா?" என்று கேட்டார். அவ்வளவுதான், ஆளாளுக்குப் பிளக்ஸை மொய்த்துக்கொண்டு, எங்க வீட்டுக்கு எப்ப, எங்க வீட்டுக்கு எப்ப என்று பஸ் நேரம் கேட்பதுபோலக் கேட்டார்கள். பவுன்தாய்க்கு அழுகையா ஆத்திரமா என்று தெரியாமல் வந்தது. "நாசமாப் போங்க" என்று சொல்லிப் பிளக்ஸைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் பட்டப்பகலில், அரிவாளைக் கழியில் கட்டிக்கொண்டு, பேட்டையில் பஞ்சு அடைக்கிற நாலு பொம்பிளைகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கிணற்றடித் தெருவுக்கு வருகிற கேபிள் கம்பி அத்தனையையும் அறுத்துப் போட்டாள். கேபிள்காரன் குதித்தான். "ஏண்டி, ஒம் மக வாரதுக்கு ஊருக்கே டிவி இல்லாமப் பண்ணுவியா?" என்று கண்ட வாயெல்லாம் கேட்டது. கம்பத்துக்குக் கிரீஸ் பூசினாள், தெருமுனை இலவ மரத்தின் கிளையைக் கழித்தாள், கழித்த கிளைக்கு மன்னிப்புக் கேட்டாள். திரும்ப உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தபோது பதினாறு தள்ளிப்போய் இருபத்தெட்டு என்று வந்தது. தை மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை தோறும் அழகுமீனாவுக்கு ஐந்து நிமிஷம் போன் கிடைக்கும். அழுவதற்கு நேரம் கொடுத்தால் ஐந்து நிமிஷமும் அதிலேயே போய்விடும் என்று பவுன்தாய் ஊர்க்கதையாகச் சொல்லுவாள். அப்படித்தான் பலசரக்குக் கடைச் சங்கிலி கதையையும் சொன்னாள்.

"மவனுக்குப் போலீசு வேலைக்கு ஓட்டம் வச்சிருந்த அன்னிக்கின்னு பாத்துச் சங்கிலி வீட்டுத் தாளத் தின்னுருச்சுடி. அவன் என்ன செஞ்சான் தெரியுமா? முந்துன நாளே கெணத்தடியில மூணு பேரச் சாட்சிக்கு நிறுத்தி, எனக்கு மவனே இல்லன்னு தல முழுகிட்டான். வீட்டு ஆளாயிருந்தாத்தான நாள் போகும்? பய போனான், ஓடுனான், செயிச்சான், ஆர்டரும் கைக்கு வந்துருச்சு. இவன் சந்தோசந் தாங்காம டீக்கடையில நின்னு, 'எம் மவன்டா அவன்'ன்னுட்டான். அந்த நிமிசமே பய திரும்ப வீட்டு ஆளாயிட்டான், அந்த நாளும் போச்சு. கையில இருந்த ஆர்டரு வெறுங்காகிதம், கால்ல இருந்த கொப்புளங்கூட மறைஞ்சுபோச்சு."

அழகுமீனா சிரித்தாள். ஆறு வருஷத்தில் அவள் போனில் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துப் பவுன்தாய் அந்த வாரம் பூராவும் நடந்தாள்.

ஏப்ரல் பதினேழு, கடைசி வெள்ளி. "பாஸ்போர்ட்டக் குடுத்துட்டாங்கம்மா. இனிமே போன் தர மாட்டாங்களாம், புதன்கெழம நேரா ஏர்போர்ட்டுதான். பயமாருக்குமா. அது நம்ம தெருவுக்கு வந்துராதுல்ல?"

"இருபத்தெட்டுக்கு முன்ன வராது தாயி. பதினோரு வருசமா எழுதுன கையி, எங்கணக்குத் தப்பாது. நீ புதன்கெழம சாயங்காலம் வந்து எறங்கு, ஆத்தா வாசல்ல நிப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு வடித்துக்கொண்டிருந்தபோது பக்கச் சுவருக்குள் ஒரு சத்தம் கேட்டது. பக்கத்து வீடு மரியசெல்வத்தினுடையது, அவர்கள் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய் நாலு வருஷமாகிறது. சாவியைப் பவுன்தாயிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார்கள்; அவள் காலண்டர் ஆணியிலேயே, காலண்டருக்குப் பின்னால், அது தொங்கிக்கொண்டிருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு போனாள். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

உத்தரத்திலிருந்து தரைவரை கூடு. நாலு வருஷத்துக்கு முந்தைய காலண்டரின் அட்டை மட்டும் சுவரில் இருந்தது. அடுப்பில், அம்மியில், கொடியில் விட்டுப்போன சட்டைக்குள்ளே, எங்கே பார்த்தாலும் சாம்பல் முதுகு. ஒன்றும் ஓடவில்லை, தின்று கொழுத்த சோம்பலோடு இருநூறு முந்நூறு கண் அவளைத் திரும்பிப் பார்த்தது.

கொசுப்புழு வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பூட்டிய வீட்டுக்கு முன்னால் போய் நின்றால், தேதி போட்டு, 'பூட்டு' என்று எழுதி, பக்கத்தில் பூச்சியச் சுழி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். பார்க்காத வீட்டில் புழு இல்லை. அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், அப்படித்தான் எல்லோரும் எழுதினார்கள், அப்படித்தான் அவளும் பதினோரு வருஷமாக எழுதினாள். பிளக்ஸிலும் அப்படியே போட்டிருந்தாள். ஊரில் பாதிப் பேர் திருப்பூரிலும் சீமையிலும் கிடக்கிற காலத்தில், இருநூற்று நாற்பது கட்டத்தில் அறுபத்தொன்று பூட்டிய வீடு, அறுபத்தொரு சுழி. அந்தச் சுழிகளின் வழியாகத்தான், கம்பியும் வேண்டாம் மரமும் வேண்டாம் என்று, பூட்டிய வீடு விட்டுப் பூட்டிய வீடு தாண்டி, அது அவள் முதுகுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருந்தது. தும்பை விட்டு வாலைப் பிடித்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் கணக்குப் பார்த்தவளுக்கு, தன் வீட்டு ஆணியிலேயே சாவி தொங்கிய வீட்டைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

கதவைப் பூட்டிவிட்டுத் தன் வீட்டுக்கு ஓடினாள். சுவருக்கும் கூரைக்கும் நடுவிலிருந்த சந்தில் ஒரு புசுபுசு வால் உள்ளே இழுபட்டு மறைந்தது. காலண்டரைப் புரட்டினாள். இருபது இருந்தது, இருபத்தொன்று இருந்தது. அதன் அடியில் இருபத்துமூன்று இருந்தது. நடுவில் தகரப் பட்டையோடு ஒட்டிக்கொண்டு விரல்நகம் அளவு தாள் மிச்சமிருந்தது, அதில் 'மேல்நோக்கு நாள்' என்பதில் பாதி தெரிந்தது.

அவள் அழவில்லை. இலவு காத்த கிளிக்காவது கடைசியில் பஞ்சு மிஞ்சியது, நமக்கு அதுகூட இல்லை என்று நினைத்தாள். அங்கே அந்தப் பிள்ளை செவ்வாய் படுத்து வியாழன் எழுந்திருக்கும், சீட்டு செத்துப்போயிருக்கும், பாஸ்போர்ட் திரும்ப வீட்டுக்காரன் பெட்டிக்குள் போயிருக்கும், யார் என்ன செய்தார்கள் என்றே தெரியாமல் சமையற்கட்டுத் தரையில் உட்கார்ந்து, இருபத்தெட்டு என்று சொன்ன ஆத்தாளை நினைத்துக்கொள்ளும். ஒரு வழி இருந்தது. அந்த வழியைச் சொல்லித்தான் மகளைச் சிரிக்க வைத்திருந்தாள்.

பொழுது சாய்வதற்குள் காசிமாயனையும் பஞ்சு அடைக்கிற இரண்டு பேரையும் கிணற்றடிக்குக் கூட்டி வந்தாள். காசிமாயன் தின்னக் கொடுத்த நாளெல்லாம் உடம்பில் குறைந்து, சட்டைக்குள் ஆளில்லாதவர்போல நின்றார்.

"ஏத்தா பவுனு, யோசிச்சுக்க. முழுகுனா முழுகுனதுதான். பெறகு ஒரு காலத்துலயும் அவள மகன்னு கூப்புட முடியாது. வாய்தவறிக் கூப்புட்டாலும் அந்த நாளு போயிரும், அவ திரும்ப அங்கனதான் கெடப்பா. சங்கிலியப் பாத்தேல்ல?"

"பாத்தேன் மாமா."

"எல்லாம் என்னாலதான் ஆத்தா. நாந்தான அந்தச் சனியனக் கொண்டாந்தேன்."

"நீங்க கொண்டாந்தீக, நான் எண்ணாம விட்டேன். சாட்சிக்கு நில்லுங்க, அது போதும்."

வாளியை இறைத்து, கிழக்கே பார்த்து நின்று, தலையில் ஊற்றினாள். "அழகுமீனான்னு எனக்கு மக இல்ல" என்றாள். இரண்டாவது வாளி. "பத்து மாசம் சொமந்தது பொய்யி, பால் குடுத்தது பொய்யி." மூன்றாவது வாளியைத் தூக்கக் கை வரவில்லை. காசிமாயன் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். "அவ யாரோ, நான் யாரோ" என்று சொல்லி ஊற்றிக்கொண்டு, ஈரச்சேலையோடு வீட்டுக்குப் போய், பத்தொன்பதாம் தேதித் தாளைக் கிழித்துப் போட்டாள். பொறுக்கிக்கொண்டு போகத் தெருவில் ஒரு கோட்டணிலும் இல்லை. அந்தத் தாள் நனைந்தபடி அவள் காலடியிலேயே கிடந்தது, திங்கட்கிழமையும் கிடந்தது, செவ்வாய்க்கிழமையும் கிடந்தது, அவள் பார்க்கும்போதெல்லாம் அப்போதுதான் முழுகியவள்போலத் தலையை முந்தானையால் துவட்டினாள்.

செவ்வாய்க்கிழமை படுக்கப் போகும் முன், சாக்கட்டியை எடுத்து நிலைக்கதவுக்குப் பக்கத்தில் எழுதினாள். என்ன எழுதுவது, எப்படி எழுதுவது? மகள் என்று எழுதக்கூடாது, வா என்று எழுதக்கூடாது. புழுக் கணக்கு எழுதுகிற மாதிரியே எழுதினாள்: '19/4. அழகுமீனா. தலைமுழுகியாச்சு. சங்கிலி மவன் கதை.' வரமாட்டாளோ, வந்து இதைப் படித்துவிட்டு ஆத்தா கைவிட்டுவிட்டாள் என்று வந்த வழியே போய்விடுவாளோ, எடுத்துச் சொல்லத் தெருவில் ஆளிருக்குமோ என்று நினைத்துக்கொண்டே படுத்தாள். ஆளிருக்கவில்லை. மரியசெல்வம் வீட்டைக் காலி செய்துவிட்டு மொத்தமாகக் கிளம்பிய அணில்கூட்டம் அந்த மூன்று நாளில் கிணற்றடித் தெருவின் நாற்பது வீட்டிலும் இருபத்திரெண்டைத் தின்றுவிட்டு அடுத்த தெருவுக்குப் போயிருந்தது. புதன்கிழமை அந்தத் தெருவில் நாற்பது கதவும் பூட்டியிருந்தன.

பவுன்தாய் கண் விழித்தபோது வியாழக்கிழமை வெயில் ஓட்டைக் கூரை வழியாக விழுந்துகொண்டிருந்தது. தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. பிறகு திறந்தாள்.

வாசற்படியில் கயிறு போட்டுக் கட்டிய பெட்டியில் சாய்ந்து ஒரு பெண் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். மெலிந்து, கறுத்து, முன்கையில் எண்ணெய் பட்ட தழும்போடு இருந்தாள். பெட்டியின் கைப்பிடியில் விமானத்தில் கட்டிய சீட்டு ஆடிக்கொண்டிருந்தது, அதில் 22 என்று தேதி அழியாமல் இருந்தது. பவுன்தாய் எழுதிய வரிக்குக் கீழே, பள்ளிக்கூட நாளில் அம்மாவுக்குத் துணையாக வீடு வீடாகச் சுற்றிப் பழகிய அதே எழுத்தில், இன்னொரு வரி இருந்தது:

'22/4. மாலை 6.40. பூட்டிய வீடு. உள்ளே 1.'

எம் மகளே என்று அடிவயிற்றிலிருந்து ஏறி வந்த சொல் தொண்டைக்கு வந்துவிட்டது. பவுன்தாய் முந்தானையை உருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்தாள். கடித்தபடியே அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அந்த எழுத்து அழிந்துவிடவில்லை என்று ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்தாள். அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள்.

பவுன்தாய் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது.

"யாரும்மா நீ? எந்த ஊரு?"

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டு வந்ததைப் பல்லால் பிடித்துக்கொண்டு, எழுந்து, சேலையைச் சரிசெய்தாள்.

"வெளியூரு அக்கா. வேலை தேடி வந்தேன்." பெட்டிக் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டாள். "பக்கத்து வீடு பூட்டிக் கெடக்குதே, வாடகைக்குக் கெடைக்குமாக்கா?"

"கெடைக்கும்" என்றாள் பவுன்தாய். "சாப்புட்டியா தாயி?"

யாரையும் கேட்கலாம் அப்படி, எந்த வழிப்போக்கியையும் தாயி என்று சொல்லலாம், அதில் குற்றமில்லை. அந்தப் பெண் இல்லையென்று தலையை ஆட்டினாள், ஆட்டும்போது கண்ணீர் இரண்டு பக்கமும் தெறித்தது. பவுன்தாய் உள்ளே போய், காலண்டருக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்துவந்து, கை படாமல் கொடுக்க நினைத்து, கை பட்டு, கொடுத்தாள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மரியசெல்வம் வீட்டுப் பூட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது. பவுன்தாய் பின்னாலேயே சாக்கட்டியோடு போனாள். அந்த வீட்டு நிலைக்கதவுக்குப் பக்கத்தில் நாலு வருஷமாகத் தான் எழுதிவந்த சுழிகளை முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டு, தேதி போட்டு, ஒன்று என்று எழுதினாள்.